தலைக்கு இவ்வளவு: கூலிக் கப்பல்களும் அரசு ஒப்பந்தங்களும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலையும் கூட்டமாக ஆகிவிடக் கூடாது. அவர் விட்டுச் சென்ற வேலையில் ஒரு பகுதியையாவது நாம் எடுத்துச் செய்ய வேண்டும். அந்த எண்ணத்தோடு இந்த ஆண்டு ஒரு பட்டியலை முன்வைத்துப் பேசுகிறோம்.

1860 அக்டோபர் 13 அன்று சென்னைக் கடற்கரையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16 அன்று அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. இறங்கியவர்கள் 342 பேர். அவர்களுடைய பட்டியல் இன்றும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பிலுள்ள அடையாளம். சாதிப் பத்தியில் பறையர் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது.

நம்மில் பலர் இந்தப் பட்டியலை வேர் தேடும் ஆவணமாகப் படிக்கிறோம். அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலத்தில் இதை எழுதச் சொன்னவர்கள், பேரப்பிள்ளைகள் வந்து தேடுவார்கள் என்று நினைத்து எழுதச் சொல்லவில்லை. எத்தனை பேரை ஏற்றினோம், எத்தனை பேரை இறக்கினோம் என்ற கணக்கு அரசுக்கும் கப்பல்காரருக்கும் வேண்டியிருந்தது. பணம் தலைக்கணக்கில் பேசப்பட்டிருந்தது. மூட்டைக்கும் பெட்டிக்கும் ஒப்படைப்புச் சீட்டு உண்டல்லவா, ஆட்களுக்கு இந்தப் பட்டியல் அந்த வேலையைச் செய்தது.

யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள், எந்த நிறுவனங்கள் அந்தப் பணத்துக்குப் போட்டியிட்டன, அந்தப் போட்டி நம் மக்களின் உயிரை எப்படித் தொட்டது: இதுதான் இன்று நாம் பேசப்போவது.

1. இரண்டு ஒப்பந்தங்கள்

ஒப்பந்தக் கூலி முறை என்றதும் கைநாட்டு வைத்த காகிதம் நம் நினைவுக்கு வரும். பெரும்பாலும் ஐந்தாண்டு வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு அரிசி, மீறினால் தண்டனை. அது தொழிலாளியின் ஒப்பந்தம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

அதற்கு முன்னாலேயே இன்னொரு ஒப்பந்தம் முடிந்திருக்கும். அது காலனி அரசுக்கும் கப்பல் முதலாளிக்கும் இடையே லண்டனில் கையெழுத்தாகும். அதில் தொழிலாளிக்குக் கையெழுத்தும் இல்லை, கைநாட்டும் இல்லை. அவர் அதில் ஏற்றப்படும் சரக்கு.

வேலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு காலனியின் தோட்ட முதலாளிகள் அடுத்த பருவத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று தங்கள் அரசிடம் எழுதிக் கொடுப்பார்கள். அந்த எண்ணிக்கை கல்கத்தாவிலோ சென்னையிலோ இருக்கும் குடியேற்ற ஏஜெண்டுக்குப் போகும். அவர் தரகர்களை ஊர்களுக்கு அனுப்பி ஆள் சேர்த்து டிப்போவில் வைப்பார். அதே சமயம் லண்டனில் கப்பலுக்கு டெண்டர் கேட்கப்படும். ஆரம்பத்தில் இதைப் பார்த்துக்கொண்டவர்கள், 1840இல் அமைக்கப்பட்ட நில, குடியேற்ற ஆணையர்கள். பிறகு இந்த வேலை காலனி அரசுகளின் லண்டன் முகவர்களான 'கிரௌன் ஏஜெண்டுகள்' கைக்கு மாறியது. கப்பல்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். பேரம் முடிந்ததும் இத்தனை தேதிக்குள் கப்பல் இந்தத் துறைக்கு வர வேண்டும், இத்தனை நாளுக்குள் ஆள் ஏறி முடிய வேண்டும் என்று எழுதிக்கொள்வார்கள்.

கடைசியாகச் சொன்ன வரியைக் கவனியுங்கள். குறித்த நாளுக்குள் டிப்போ நிரம்பாவிட்டால் கப்பல் சும்மா நிற்கும். சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கப்பல்காரருக்குத் தாமதக் கட்டணம் தர வேண்டும் என்பது கப்பல் தொழிலின் பொது வழக்கம். இதோடு இன்னொரு விதியும் சேர்ந்தது: நூறு ஆணுக்கு நாற்பது பெண் இருந்தால்தான் கப்பல் புறப்படலாம். பெண்களின் எண்ணிக்கை குறைந்தால் தேதி தள்ளும், தேதி தள்ளினால் பணம் போகும். அந்த நெருக்கடி ஏஜெண்டிடமிருந்து தரகருக்கு இறங்கும், தரகரிடமிருந்து சந்தையிலும் கோயில் வாசலிலும் நிற்கும் பசித்த ஆளுக்கு இறங்கும். பொய் சொல்லி ஆள் பிடித்தார்கள், புருஷனிடம் கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை ஏமாற்றி ஏற்றினார்கள் என்றெல்லாம் நாம் கேள்விப்படும் கதைகளுக்குப் பின்னால் தரகரின் கெட்ட குணம் மட்டும் இல்லை. லண்டனில் எழுதப்பட்ட ஒரு தேதியும் இருக்கிறது.

2. ஏறிய தலையா, இறங்கிய தலையா?

தலைக்கணக்கில் பணம் என்று முடிவான பிறகு கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில் தலையை எண்ணுவது? ஏற்றும் துறையிலா, இறக்கும் துறையிலா?

இந்தக் கேள்விக்கு ஆங்கில அரசு ஒரு கொடிய பாடம் படித்திருந்தது. 1790இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற இரண்டாவது கப்பல் தொகுதியைக் கேம்டன், கால்வர்ட், கிங் என்ற லண்டன் நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தத்தில் விட்டது. அடிமை வியாபாரத்தில் பழகிய நிறுவனம் அது. பேசிய தொகை தலைக்கு 17 பவுண்டு 7 சில்லிங் 6 பென்ஸ். எண்ணிய இடம் ஏற்றும் துறை. வழியில் செத்தாலும் காசு வந்துவிடும்; போதாக்குறைக்கு, செத்தவனின் சோறு மிச்சம். ஏறத்தாழ ஆயிரம் கைதிகளில் கால் பங்குக்கும் மேலானவர்கள் கடலிலேயே இறந்தார்கள். அதன் பிறகு வந்த ஒப்பந்தங்களில் பணத்தில் ஒரு பகுதியை, கைதி உயிரோடு இறங்கினால்தான் கொடுப்பது என்று மாற்றினார்கள்.

அந்தக் கைதிகள் வெள்ளையர்கள். அவர்கள் விஷயத்தில் 1790களிலேயே கற்ற பாடம், இந்தியக் கூலிகள் விஷயத்தில் உறைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. 1856-57 பருவத்தில் கல்கத்தாவிலிருந்து கரீபியத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் சராசரியாக நூற்றுக்குப் பதினேழு பேர் வழியிலேயே இறந்தார்கள். 1858இல் டிரினிடாட் சென்ற 'சால்செட்' கப்பலில் ஏறியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் கரை சேரவில்லை. அந்தக் கப்பலின் கேப்டனும் அவர் மனைவியும் எழுதிய நாட்குறிப்பு அடுத்த ஆண்டே லண்டனில் அச்சானது. ஒவ்வொரு நாளும் யார் இறந்தார், பெண்ணா, குழந்தையா என்ற குறிப்புகள் அதில் வரிசையாக இருக்கின்றன.

விசாரணைகள் நடந்தன, விதிகள் இறுகின. 1864ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் துறைமுகங்களில் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற பதவியைக் கொண்டுவந்தது. கப்பல் மருத்துவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. உயிரோடு இறங்கும் தலைக்கு இவ்வளவு சில்லிங் என்று வைத்தார்கள். அனுபவம் கூடக் கூட அந்த விகிதமும் கூடும். கேப்டனுக்கும் துணை அதிகாரிகளுக்கும்கூடத் தலைக்குச் சிறு இனாம் உண்டு. இதனால் சாவு குறைந்தது உண்மை. ஆனால் இரக்கத்தால் குறைந்தது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. உயிருக்கு ஒரு விலை வைத்த பிறகுதான் உயிர் கவனிக்கப்பட்டது.

அந்தக் கணக்கிலும் ஓட்டைகள் இருந்தன. முதலாவது, 'சட்டப்படி ஒரு ஆள்' என்ற அளவு. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளை அரை ஆள். ஒரு ஆளுக்குத் தளத்தில் 12 சதுர அடி, மொத்தக் கொள்ளளவில் 72 கன அடி. பன்னிரண்டு சதுர அடி என்றால் ஆறடி நீளம், இரண்டடி அகலம். ஆறடி நிலம் என்று நாம் எதைச் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ஓட்டை, கணக்கு தொடங்கும் இடமும் முடியும் இடமும். டிப்போவில் காலராவில் இறந்தவர் கப்பல் கணக்கில் வரமாட்டார். இறங்கிய ஒரு மாதத்தில் தோட்டத்தில் இறந்தவரும் வரமாட்டார். மருத்துவருக்குத் தேவை, இறங்கும் துறையில் மூச்சு இருக்க வேண்டும் என்பதுதான்.

3. காரைக்காலில் ஏறியவர்கள்

ஆங்கிலேயரோடு கதை முடியவில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தன. காரைக்காலைச் சுற்றிலும் தஞ்சை ஜில்லா. பண்ணையாட்கள் நிறைந்த சேரிகளுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு அந்நியத் துறைமுகம்.

பிரான்ஸ் 1848இல் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்பு முதலாளிகள் ஆள் கேட்டார்கள். 1852 மார்ச்சில் பிரெஞ்சு அரசு பிளாங் என்ற கப்பல் தலைவரோடு ஒப்பந்தம் செய்தது: ஆறு ஆண்டுகளில் 4,000 இந்தியர்களைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். 'ஒரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் தமிழர்களை இறக்கியது.

ஒரு தனிக் கப்பல் தலைவரால் தாங்கக்கூடிய வியாபாரமாக அது நிற்கவில்லை. 1855இல் பாரிஸின் வங்கி முதலாளிகளான பெரேர் சகோதரர்கள் தொடங்கிய 'கம்பாஞி ஜெனரால் மரிதீம்' என்ற பெரிய நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைக் கைக்கொண்டது. 1857இல் மர்செய் நகரத்து ரெஜி என்ற வணிக நிறுவனம் அரசிடம் இன்னொரு ஒப்பந்தம் வாங்கியது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை விலைக்கு வாங்கி, 'விடுதலை' செய்து, அதே மூச்சில் ஒப்பந்தத் தொழிலாளி என்று பெயர் மாற்றி, 20,000 பேரை அதே இரண்டு தீவுகளுக்குக் கொண்டு வருவது. ஒரே தோட்டத்துக்கு இரண்டு நிறுவனங்கள் ஆள் தரப் போட்டியிட்டன. ஒன்றின் சரக்கு ஆப்பிரிக்கர், மற்றதன் சரக்கு தமிழர். தோட்ட முதலாளிகள் இரண்டு சரக்கையும் ஒப்பிட்டார்கள்: எது மலிவு, எது உடல் வலு, எது அடங்கிப் போகும் என்று.

போட்டியை முடித்து வைத்தது சந்தை அல்ல, இரண்டு அரசுகள். பிரிட்டன் ஆப்பிரிக்க ஏற்றுமதியை மறைமுக அடிமை வியாபாரம் என்று கண்டித்தது. 1861 ஜூலை 1 அன்று இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரான்ஸ் ஆப்பிரிக்காவில் ஆள் எடுப்பதை நிறுத்தும்; அதற்கு ஈடாகப் பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் எடுக்கலாம். ஒரு மக்களின் கழுத்திலிருந்து கயிற்றை எடுக்க, இன்னொரு மக்களின் கழுத்தை விலையாகக் கொடுத்தார்கள். அந்த மேசையில் ஆப்பிரிக்கரும் இல்லை, நாமும் இல்லை.

1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் குவாதலூப்புக்கும், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு வரை சுமார் 25,000 பேர் மார்த்தினிக்குக்கும் போனார்கள். அங்கே இன்றும் மாரியம்மன் பெயர் மாறிக் கும்பிடப்படுகிறாள். பெரேர் சகோதரர்களின் நிறுவனம் 1861இல் பெயரை மாற்றிக்கொண்டு, அட்லாண்டிக் தபால் ஒப்பந்தம் பெற்று, பின்னாளில் 'நார்மண்டி' என்ற உலகப் புகழ் பெற்ற ஆடம்பரக் கப்பலை ஓட்டியது. அந்த நிறுவனத்தின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தபாலிலிருந்தும் ஆடம்பரத்திலிருந்தும் தொடங்குவார்கள். நாம் காரைக்காலிலிருந்து தொடங்குவோம்.

4. ஆற்றின் பெயர் வைத்த கப்பல்கள்

ஆங்கிலேயர் பக்கம் இரண்டு நிறுவனங்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று லிவர்பூலின் சாண்ட்பாக் டின்னி. டெமராரா, அதாவது இன்றைய கயானாவில் இவர்களுக்குச் சொந்தத் தோட்டங்கள் இருந்தன. அடிமை ஒழிப்பின்போது பிரிட்டிஷ் அரசு அடிமைகளுக்கு ஒரு காசும் தரவில்லை. அடிமை முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அதில் பங்கு பெற்ற நிறுவனம் இது. பிறகு தன் தோட்டங்கள் இருந்த காலனிக்கே தன் கப்பல்களில் கூலிகளை ஏற்றிக்கொண்டு போனது. ஆளை ஏற்றுவதில் ஒரு லாபம், ஆளை வேலை வாங்குவதில் ஒரு லாபம், சர்க்கரையைத் திரும்ப ஏற்றுவதில் இன்னொரு லாபம்.

மற்றது ஜேம்ஸ் நோர்ஸ். அவரே ஒரு கப்பல் தலைவர். 1861இல் 'கேஞ்சஸ்' என்ற கப்பலோடு தொழில் தொடங்கினார். பிறகு வந்த கப்பல்களுக்கும் பெரும்பாலும் ஆறுகளின் பெயர்தான்: இண்டஸ், ஜம்னா, ரைன், எல்ப், வோல்கா. ஊர்க் குளத்தில் இறங்க உரிமையில்லாத மக்களை, கங்கை என்றும் யமுனை என்றும் பெயர் வைத்த கப்பல்களில் கடல் கடத்தினார்கள்.

இந்த நிறுவனங்கள் எதை வைத்துப் போட்டியிட்டன? தலைக்கு விலை என்பது வெளியே தெரியும் ஒரு பகுதி. உள்ளே இருப்பது கப்பலின் முழுச் சுற்று. லிவர்பூலிலிருந்து உப்பும் இரும்பும் ஏற்றிக் கல்கத்தாவுக்கு. அங்கிருந்து கீழ்த்தட்டில் அரிசி மூட்டை, அதற்கு மேல்தட்டில் கூலிகள். கரீபியத்தில் ஆளை இறக்கிவிட்டுச் சர்க்கரையோ வேறு சரக்கோ ஏற்றித் திரும்புதல். எவருக்கு மூன்று பக்கமும் சரக்கு கிடைக்கிறதோ அவரால் தலைக்கு விலையைக் குறைத்துச் சொல்ல முடியும். குறைத்த விலையை ஈடுகட்ட ஒவ்வொரு பயணத்திலும் கூடுதல் தலை வேண்டும். அதனால்தான் கிரௌன் ஏஜெண்டுகளோடு தனித்தனிக் கப்பலுக்குப் பேசாமல், ஒரு பருவத்தையோ பல ஆண்டுகளையோ மொத்தமாகப் பிடிக்கக் கப்பல்காரர்கள் விரும்பினார்கள். ஏஜெண்டுகளுக்கும் அது வசதி. தெரிந்த நிறுவனம், பழகிய மருத்துவர்கள், குறைந்த கடிதப் போக்குவரத்து. போட்டி என்று பேச்சு இருந்தாலும் தொழில் சில கைகளிலேயே சுற்றியது.

நல்ல கப்பல், பழகிய நிறுவனம் என்பதற்கும் எல்லை உண்டு. 1884 மே 11 அன்று நோர்ஸின் 'சிரியா' ஃபிஜித் தீவின் நசிலாய்ப் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கல்கத்தாவிலிருந்து வந்த 497 பேர் அதில் இருந்தார்கள். கூலிகள் 56 பேரும் கப்பலாட்கள் மூவரும் மாண்டார்கள். ஒப்பந்தம் நிற்கவில்லை, அதே நிறுவனத்தின் கப்பல்கள் தொடர்ந்து ஃபிஜிக்குப் போயின.

சென்னையிலிருந்து ஃபிஜிக்கு முதல் கப்பல் 1903இல் போனது. அதுவும் நோர்ஸின் கப்பல்தான், பெயர் 'எல்ப்'. 1916 வரை சென்னை வழியாக 15,114 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் நீராவிக் கப்பல்கள் பாய்மரத்தைத் தள்ளிவிட்டன. நோர்ஸுக்குப் போட்டியாக, இன்னும் பெரிய ஒரு நிறுவனம் ஃபிஜி வழித்தடத்தில் நின்றது. அது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன், நம் மக்கள் வாயில் பி.ஐ. கம்பெனி.

5. சமையல்காரரும் தோட்டியும்

பி.ஐ. கம்பெனிக்குப் போகுமுன், கப்பலுக்குள் ஒரு நிமிடம் இறங்கிப் பார்ப்போம். ஏறியவர்களில் சிலருக்குக் கப்பலிலேயே வேலை தரப்படும். சமைப்பவர்களைப் 'பண்டாரி' என்பார்கள். எல்லாரும் சாப்பிட ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அவர்களை மேல் என்று கருதப்பட்ட சாதிகளிலிருந்து எடுப்பது வழக்கம். கழிப்பிடம் கழுவவும் தளம் தேய்க்கவும் 'தொப்பாஸ்' என்று வேறு ஆட்கள். அந்த வேலை யாருக்கு விழுந்திருக்கும் என்று இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

கடல் தாண்டினால் சாதி கரையும் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கரைந்ததும் உண்மை. ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிட்டவர்கள், ஒரே தட்டில் படுத்தவர்கள், இறங்கிய பிறகும் கப்பல் உறவு என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். ஆனால் வெள்ளைக்கார அதிகாரிகள் சாதியைத் தெரியாமல் கப்பலில் ஏற்றவில்லை. பட்டியலில் அதற்குப் பத்தி போட்டார்கள், வேலைப் பிரிவினையில் அதற்கு இடம் கொடுத்தார்கள். சேரியில் சம்பளமில்லாமல் நடந்தது, கப்பலில் பதிவேட்டில் ஏறி நடந்தது.

6. நாகப்பட்டினமும் பி.ஐ. கம்பெனியும்

வில்லியம் மெக்கினன் 1856இல் கல்கத்தாவுக்கும் இரங்கூனுக்கும் இடையே அரசுத் தபாலைக் கொண்டுபோகத் தொடங்கிய நிறுவனம், 1862இல் பி.ஐ. கம்பெனி ஆனது. தபாலுக்கு அரசு மானியம், படைகளை ஏற்ற அரசு வாடகை, கூலிகளை ஏற்றக் காலனி அரசுகளின் பணம். தனியார் தொழில்முனைவின் வெற்றி என்று சொல்லப்படும் இந்த நிறுவனத்தை அரசுப் பணம்தான் தூக்கி நிறுத்தியது.

மலேயாவுக்கு ஆள் போன வழி வேறு. 1887 முதல் மலாக்கா நீரிணைக் குடியேற்ற அரசு, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஓடும் கப்பல் சேவைக்கு மானியம் தந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று சட்டப்படி அமைந்தது. தமிழ்த் தொழிலாளிகளை வைத்திருக்கும் எல்லா முதலாளிகளும் வேலை நாள் கணக்கில் வரி கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கங்காணி கொண்டுவரும் ஆட்களின் கப்பல் சத்தம் கொடுக்கப்படும். இதை நடத்திய குழுவில் அரசு அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் உட்கார்ந்தார்கள். தொழிலாளிக்குப் பயணம் இலவசம் என்றார்கள். முதலாளிகள் கட்டிய அந்த வரி கடைசியில் யார் கூலியிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலை நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் தளமே படுக்கை.

பி.ஐ. கம்பெனி என்றதும் தமிழ்நாட்டில் வேறொரு போட்டி நினைவுக்கு வரும். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி. தூத்துக்குடி, கொழும்பு வழித்தடத்தில் பி.ஐ. கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது, குடை இலவசம் என்றது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார், கம்பெனி சரிந்தது. அந்த மனிதரின் தியாகத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த வழித்தடத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன மக்கள் ஏராளம். நம் பாடப்புத்தகம் இரண்டு முதலாளிகளின் கட்டணப் போரைச் சொல்கிறது. கட்டணம் கொடுத்த, அல்லது கடனாக எழுதப்பட்ட டெக் பயணியைச் சொல்வதில்லை. சுதேசி, விதேசி என்று கொடி மாறலாம். டெக்கில் படுத்திருந்தவரின் கேள்வி வேறு.

7. மூன்றாவது போட்டியாளர்

இதுவரை கப்பல் நிறுவனங்களின் போட்டியைப் பார்த்தோம். உண்மையில் அதே உடல்களுக்கு இன்னொரு போட்டியாளரும் இருந்தார். மிராசுதார்.

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்தியாவில் அடிமையைச் சட்டம் அங்கீகரிக்காது என்றது. ஆனால் பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் கட்டுண்ட வேலை தொடர்ந்தது. குடியிருக்கும் மனைக்கட்டும் மிராசுதாருடையது, வாங்கிய கடனும் அவருடையது. கப்பல் என்று ஒன்று வந்த பிறகுதான் முதன்முறையாக வேறொருவர் அதே ஆளுக்கு விலை சொன்னார். தஞ்சை மிராசுதார்கள் ஆள் போகிறது, நடவு கெடுகிறது என்று புலம்பியது அதனால்தான். சாதி என்பது எழுத்தில் இல்லாத, முடிவுத் தேதி இல்லாத ஓர் ஏகபோக ஒப்பந்தம். கப்பல் ஒப்பந்தம் கொடியதுதான். ஆனால் அதில் ஐந்தாண்டு என்று ஒரு எண் இருந்தது.

எனவே, கப்பல் ஏறியவர்கள் எல்லாரும் ஏமாற்றப்பட்ட அப்பாவிகள் என்று சொல்வது அவர்களுடைய புத்தியைக் குறைத்து மதிப்பது. எல்லாரும் விடுதலை தேடிப் போனவர்கள் என்று சொல்வது கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் டிப்போ வாசலில் நின்றவர், இரண்டு தீமைகளை எடைபோட்டுப் பார்த்தவர். போன இடத்தில் அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் நேட்டாலிலும் இரங்கூனிலும் வாசிக்கப்பட்டது. 'பறையன்' இதழை நடத்திய இரட்டைமலை சீனிவாசன் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினார். ஆளை ஏற்றிய அதே கடல்வழியில் இதழும் பணமும் எண்ணமும் திரும்பி வந்தன. அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை.

8. நாம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1917இல் போரைக் காரணம் காட்டி ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. 1920இல் முறையே முடிந்தது. 1914இல் பி.ஐ. கம்பெனி பி அண்டு ஓ நிறுவனத்தோடு இணைந்திருந்தது. 1917இல் நோர்ஸ் நிறுவனமும் அதே குழுமத்துக்குள் போனது. கூலிகளுக்காகப் போட்டியிட்டவர்கள், கூலி ஏற்றுமதி நின்ற அதே ஆண்டில் ஒரே வீட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு அது வியாபாரம், முடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம்.

நமக்கு முடியவில்லை. குடியேறிகளின் பாதுகாவலர் என்ற பதவி 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்திலும் அதே பெயரில் வந்தது. வளைகுடாவுக்குப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி, ஆள் பிடிக்கும் ஏஜெண்டுக்கும் அங்கிருக்கும் கம்பெனிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அதில் தலைக்கு ஒரு தொகை இருக்கிறது. பிள்ளை கையெழுத்திடும் காகிதம் அதற்குப் பிறகு வருவது.

அதனால் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய பட்டியலானாலும் புதிய ஒப்பந்தமானாலும் படிக்கும்போது மூன்று கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். பணம் எந்த இடத்தில் கைமாறுகிறது: ஏறும் இடத்திலா, இறங்கும் இடத்திலா, உயிரோடு ஊர் திரும்பிய பிறகா? வழியில் ஒருவர் இறந்தால் அந்த நஷ்டம் யார் கணக்கில் எழுதப்படுகிறது? பேரம் நடந்த மேசையில் யார் உட்காரவில்லை?

செயல்பாட்டாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கப்பல் பட்டியல்களில் ஊர்ப் பெயர்கள் ஆங்கிலக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படித்து, இது எந்த ஊர், எந்தச் சேரி என்று சொல்ல நேட்டாலிலோ குவாதலூப்பிலோ இருக்கும் ஆராய்ச்சியாளரால் எளிதில் முடியாது. உங்கள் ஊரில் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு முடியும். எந்தத் தெருவிலிருந்து யார் கப்பல் ஏறினார்கள், எந்த வீட்டுக்குப் பினாங்கிலிருந்து கடிதம் வந்தது என்று இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். தலைக்கு இவ்வளவு என்று எண்ணியவர்கள் தங்கள் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

ஜெய் பீம்.